மமோகிராமும் ஸ்கேனும் சாதாரணம். ஆனால் கட்டி இன்னும் கையில் படுகிறது

கேள்வி: வெள்ளவத்தை வாசகி

வணக்கம். எனக்கு வயது 43. இரண்டு மாதங்களுக்கு முன் குளிக்கும்போது, இடது மார்பின் மேற்புறத்தில், அக்குளுக்குக் கிட்டிய பக்கத்தில், புளியங்கொட்டை அளவில் ஒரு தடிப்பு விரலில் தட்டுப்பட்டது. மாதவிடாய் வந்து போனால் கரைந்துவிடும் என்று எண்ணி ஒரு மாதம் பொறுத்திருந்தேன், கரையவில்லை. வலியும் இல்லை. பின்னர் கொழும்பில் உள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் பொது வைத்தியர் ஒருவரைச் சனல் செய்து காட்டினேன். அவர் சட்டைக்கு மேலாக ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, மமோகிராமுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கும் துண்டு எழுதித் தந்தார்.

இரண்டு அறிக்கைகளும் வந்துவிட்டன. மமோகிராம் அறிக்கையில் பைராட்ஸ் 1 (ஐயத்துக்குரிய எதுவும் இல்லை என்று பொருளாம்) என்றும் மார்பின் அடர்த்தி சி வகை என்றும் எழுதியிருக்கிறது. ஸ்கேன் அறிக்கையில், இரு பக்கங்களிலும் கட்டி எதுவும் காணப்படவில்லை என்ற ஒற்றை வரி மட்டுமே இருக்கிறது. அவற்றைக் கொண்டுபோய்க் காட்டியபோது வைத்தியர் என்னை மறுபடி சோதிக்கவில்லை. எல்லாம் நோர்மல், அடுத்த வருடம் இன்னொரு மமோகிராம் எடுத்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அம்மா வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு வந்தார். கணவர், படத்திலேயே இல்லாத ஒன்றை நான்தான் கையால் தேடித் தேடி உண்டாக்குகிறேன் என்று பகிடியாகச் சொல்கிறார். எனக்கோ காலையில் எழுந்ததும் கை தானாகவே அந்த இடத்துக்குப் போகிறது. அது அங்கேயேதான் இருக்கிறது. அம்மாவின் தங்கைக்கு, அதாவது என் சின்னம்மாவுக்கு, 52 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து மகரகமவில் சிகிச்சை பெற்றார் என்பதும் மனதை விட்டு அகலவில்லை.

படத்தில் தெரியாத ஒன்று கையில் படுவது எப்படி? ஒரு வருடம் பொறுத்திருப்பது சரியா? வேறொருவரிடம் காட்டுவதானால் எங்கே, யாரிடம் போக வேண்டும்? இதே கட்டிக்காக இன்னொரு வைத்தியரிடம் போய் நின்றால், வீண் பயம் பிடித்தவள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சமும் இருக்கிறது.

பதில்: சத்திரசிகிச்சைப் பிரிவு வைத்தியர்

சகோதரி, உங்களை நேரில் சோதிக்காமல் இது இன்னதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருடம் பொறுங்கள் என்ற ஆலோசனை உங்கள் நிலைக்குப் பொருந்தாது என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன். அந்த இடைவெளி, எந்த அறிகுறியும் இல்லாத பெண்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும் மமோகிராமுக்கு உரியது. கையில் படும் கட்டியோடு வருபவருக்கு அது உரியதன்று.

மார்பில் கட்டி என்று வருபவரை மூன்று வழிகளில் ஆராய்வது எங்கும் பின்பற்றப்படும் நடைமுறை: பழகிய கையால் சோதிப்பது, படம் எடுப்பது, தேவைப்படும்போது ஊசியால் இழைய மாதிரி எடுப்பது. இவை ஒன்றோடொன்று பொருந்தினால் நிம்மதி கொள்ளலாம். பொருந்தாவிட்டால், ஏன் பொருந்தவில்லை என்பது தெளியும்வரை விடயத்தை முடித்துவிடக் கூடாது. உங்களுக்கு முதலாவது வழியே ஒழுங்காக நடக்கவில்லை. சட்டைக்கு மேலாக அழுத்துவதை நாங்கள் மார்புச் சோதனை என்று சொல்வதில்லை. மேலாடையைக் களைந்து, உட்கார்ந்த நிலையில் கைகளை உயர்த்தியும் இடுப்பில் ஊன்றியும் தோலில் குழிவு விழுகிறதா என்று பார்த்து, பின்னர் படுக்கவைத்து ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, விரல்களின் தட்டையான பகுதியால் மார்பு முழுவதையும், அதன்பின் இரு அக்குள்களையும் காறை எலும்பின் மேற்பகுதியையும் தடவிப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் முதற் கேள்வி. மமோகிராமில் கொழுப்பு கறுப்பாகவும், பால் சுரப்பி இழையமும் நார் இழையமும் வெள்ளையாகவும் தெரியும். கட்டிகளும் வெள்ளைதான். அடர்த்தியை ஏ முதல் டி வரை நான்காகப் பிரிப்பார்கள். சி என்றால் வெள்ளை அதிகம். தேங்காய்ப்பூவுக்குள் விழுந்த உப்புக் கல்லைத் தேடுவது போன்ற வேலை அது. மமோகிராம் மட்டும் எடுத்தால் மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் வரை தவறிப்போகலாம் என்பது நீண்ட காலமாக அறியப்பட்ட விடயம். அடர்த்தியான மார்புகளில் இந்தத் தவறல் இன்னும் கூடும். அதனால்தான் அல்ட்ராசவுண்டையும் சேர்த்துச் செய்கிறோம். இரண்டும் சாதாரணமாக இருந்தால், கையில் படும் கட்டி புற்றுநோயாக இல்லாதிருக்கும் வாய்ப்பு 97 சதவீதத்துக்கும் மேல். ஆகவே உங்கள் அம்மா சாத்திய வடைமாலை வீண்போகவில்லை. ஆயினும் மிஞ்சியிருக்கும் அந்தச் சிறு விகிதத்தில் நீங்கள் இல்லை என்பதைப் படத்தால் மட்டும் சொல்லிவிட முடியாது.

அந்தச் சிறு விகிதத்தில் அடிக்கடி அகப்படுவது லொபியுலர் என்று சொல்லப்படும் வகை. மார்பகப் புற்றுநோய்களில் 10 முதல் 15 சதவீதம் இவ்வகையே. கலங்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் ஈ-கெதரின் என்ற புரதம் இதில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் கலங்கள் திரண்டு உருண்டையாகாமல், ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்து இழையத்துக்குள் ஊர்ந்து போகின்றன. கையில் தெளிவற்ற தடிப்பாகத் தோன்றும். படத்தில் பல வேளைகளில் எதுவுமே தெரியாது. இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. உங்கள் வயதில் இப்படிக் கையில் படுபவற்றுள் பெரும்பாலானவை சுரப்பி இழையத்தின் இயல்பான மேடுகள், நார்த்தடிப்புகள், மாதச் சுழற்சியோடு வீங்கி வடியும் பகுதிகள் ஆகியவைதான்.

இன்னொரு காரணம் மிகச் சாதாரணமானது: படம் எடுத்தவருக்குக் கட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருந்திருக்கலாம். துண்டில் "இடது மார்பு, கடிகாரத்தின் 2 மணித் திசை, முலைக்காம்பிலிருந்து 5 சென்ரிமீற்றர்" என்பது போல இடம் எழுதப்பட்டிருந்ததா? மமோகிராம் எடுக்கும்போது கட்டிக்கு மேலே தோலில் சிறு உலோக அடையாளம் ஒட்டினார்களா? ஸ்கேன் செய்த கதிரியக்க நிபுணர் உங்கள் விரலாலேயே இடத்தைக் காட்டச் சொன்னாரா? இவற்றுக்கு இல்லை என்பது விடையானால், நீங்கள் செய்துகொண்டது பொதுவான ஒரு பரிசோதனை. அந்தக் கட்டியைத் தேடிய பரிசோதனை இன்னும் நடக்கவில்லை. அறிக்கையில் ஒற்றை வரி மட்டும் இருப்பது எனக்கு அந்தச் சந்தேகத்தையே தருகிறது.

ஆகவே மார்பகக் கிளினிக் நடத்தும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம், இரு அறிக்கைகளோடும் மூலப் படங்களோடும் போங்கள். அவருடைய கைக்கு அது தனித்த, ஐயத்துக்குரிய கட்டியாகப் பட்டால், படம் என்ன சொன்னாலும் ஊசிப் பயொப்சி செய்வார். ஸ்கேனில் தெரியாவிட்டாலும் கையால் பிடித்துக்கொண்டு எடுக்கலாம். எல்லை தெளிவில்லாத வெறும் தடிப்பாகவும் ஐயம் குறைவாகவும் இருந்தால், ஒன்றிரண்டு மாதவிடாய்ச் சுழற்சிகளின் பின் மறுபடி சோதித்து, அதன்பின் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு தடவையாக ஓரிரு வருடங்கள் கையால் சோதித்து வருவது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. இடையில் பெரிதானால் உடனே ஊசி. எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் வேண்டியதில்லை, ஐயம் தீராத சில நிலைகளில் உதவும், ஆனால் ஒன்றுமில்லாததையும் ஏதோ இருப்பதுபோலக் காட்டும் பழக்கம் அதற்கு உண்டு.

உங்கள் சின்னம்மாவின் விடயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். அது உங்கள் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறதே தவிர எதையும் தீர்மானிப்பதில்லை. இந்த நோய் வரும் பெண்களில் பெரும்பாலானோரின் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இருந்ததில்லை.

பதில்: கொட்டாஞ்சேனை அக்கா

தங்கச்சி, கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்காகத்தான் நான் எழுதுகிறேன். ஐந்து வருடங்களுக்கு முன், 48 வயதில், எனக்கும் இதேபோல மமோகிராம் சாதாரணம் என்று வந்தது. எனக்குக் கட்டி என்றுகூடச் சொல்ல முடியாது. வலது மார்பின் ஒரு பகுதி மற்றதைவிடச் சற்று இறுகியிருந்தது, அவ்வளவுதான். அறிக்கையைப் பார்த்து நானே மகிழ்ந்து, ஏழு மாதங்கள் எவரிடமும் போகவில்லை. என்னைச் சோதித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் திரும்பி வாருங்கள் என்று அவர்கள் சொன்ன திகதியைத் தவறவிட்டவள் நான். மகளின் சாதாரணதரப் பரீட்சை, மாமியாரின் கண் சத்திரசிகிச்சை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

பின்னர் முலைக்காம்பு ஒரு பக்கமாக உள்ளே இழுபடத் தொடங்கியது. அப்போதும் ஸ்கேனில் தெளிவாக எதுவும் இல்லை. சத்திரசிகிச்சை நிபுணர் கையால் பிடித்து ஊசி போட்டார். லொபியுலர் வகை என்று விடை வந்தது. சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து இப்போது மாத்திரையோடு நன்றாகவே இருக்கிறேன். உங்களுக்கும் அதுதான் என்று நான் சொல்லவரவில்லை. என்னோடு அதே வாரம் ஊசி போட்டுக்கொண்ட மூவருக்கும் ஒன்றுமில்லை என்றே வந்தது.

எங்கே போவது என்று கேட்டீர்கள். சனலுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும் என்றில்லை. நாரஹேன்பிட்டியில், எல்விட்டிகல மாவத்தையில், சுகாதார அமைச்சின் தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் நடத்தும் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் நிலையம் இருக்கிறது. வைத்தியரின் கடிதம் இல்லாமலே போகலாம், இலவசம். அங்கே கையால் சோதித்து, தேவையானால் உரிய வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு வழியாகச் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கும் போகலாம். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கிலும் மார்பைச் சோதிப்பார்கள், ஆனால் அது நோய்க்குறி இல்லாதவர்களை மனதில் வைத்து நடப்பது. கட்டி தெரிந்திருக்கும் உங்களுக்கு நேராக முதலிரண்டில் ஒன்றுதான் நல்லது.

கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பகிடி விடுபவர்களை வரிசையில் இரண்டு மணித்தியாலம் உட்காரவைத்தால் பகிடி குறையும்.

பதில்: தெஹிவளை வாசி

எல்லோரும் ஊசி, பயொப்சி என்று எழுதுகிறீர்கள். சும்மா இருந்த கட்டியில் ஊசி குத்தியதால்தான் நோய் உடம்பெங்கும் பரவியது என்று எங்கள் உறவினர் ஒருவரைப் பற்றி வீட்டில் இன்றும் சொல்வார்கள். இரண்டு படங்களும் சரியென்று சொல்லும்போது, ஏன் கிளற வேண்டும்? புற்றுநோயைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறதாம், சி.ஏ. 15-3 என்று பெயர். அதைச் செய்து பார்த்து, சரியாக இருந்தால் விட்டுவிடலாமே.

பதில்: ஓய்வுபெற்ற தாதி

தெஹிவளைத் தம்பி, இந்தக் கதையை நான் வார்ட்டில் இருந்த காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். ஊசி போட்டபோது அந்த நோய் ஏற்கெனவே அங்கே இருந்தது. ஊசி அதைக் கண்டுபிடித்தது, பின்னர் நோய் தன் போக்கில் வளர்ந்தது, பழி ஊசியின்மேல் விழுந்தது. ஊசி போன தடத்தில் ஒருசில கலங்கள் தங்கிவிடுவது அரிதாக நடக்கக்கூடியதே. ஆனால் ஊசி போட்டுக்கொண்டதால் நோயாளிகள் பிழைக்கும் வாய்ப்புக் குறைவதாகக் காணப்படவில்லை. சி.ஏ. 15-3 நோய் உறுதியானவர்களில் சிகிச்சையின் போக்கைப் பார்க்க உதவும் பரிசோதனை. தொடக்க நிலைப் புற்றுநோயில் அது பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். ஈரல் நோய் போன்ற வேறு காரணங்களால் கூடவும் செய்யும். கட்டி இருப்பவர் அதைச் செய்து நிம்மதி கொள்வது மிக ஆபத்தான நிம்மதி.

பிள்ளை, இனி உங்களுக்கு. மாதவிடாய் தொடங்கி 5 முதல் 10 நாட்களுக்குள் சோதித்தால் மார்பு இளகியிருக்கும், கட்டி தெளிவாகப் படும். அதற்காக முதற் சந்திப்பைப் பின்தள்ள வேண்டாம். கிடைக்கும் நாளில் போங்கள், கடைசி மாதவிடாய்த் திகதியைச் சொல்லுங்கள், போதும். மேலும் கீழும் தனித்தனியான உடை அணிந்து போனால் கழற்றுவது எளிது. அஸ்பிரின் அல்லது இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவரானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஊசியில் இரண்டு வகை உண்டு. மெல்லிய ஊசியால் கலங்களை உறிஞ்சி எடுப்பது ஒன்று. அதில் சில வேளைகளில் போதிய கலங்கள் கிடைக்காமல், முடிவு சொல்ல முடியாது என்று அறிக்கை வரும். அது ஒன்றுமில்லை என்ற விடை ஆகாது என்பதை நினைவில் வைத்திருங்கள். மற்றது கோர் பயொப்சி. மரத்துப்போகும் ஊசி போட்டு, பெரும்பாலும் 14 கேஜ் ஊசியால், நூல் போன்ற சில துண்டுகளை எடுப்பார்கள். எடுக்கும்போது ஸ்டேப்ளர் அடிப்பது போன்ற சத்தம் வரும். வலியைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் பலர் துள்ளுவார்கள். பிறகு பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் இரத்தக் கண்டல் குறையும். படங்கள் எல்லாவற்றையும் ஊசிக்கு முன்னரே எடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் ஊசியால் உறையும் இரத்தம் படத்தைக் குழப்பும்.

எங்கள் ஆட்கள் பலர் சிங்களம் தடுமாறுவதால் கிளினிக்கில் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். கட்டியை எப்போது கண்டீர்கள், மாறியதா, சின்னம்மாவுக்கு எந்த வயதில் வந்தது என்பவற்றை ஒரு துண்டுத் தாளில் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ யாரைக்கொண்டாவது எழுதுவித்துக் கையில் கொடுங்கள். அறையை விட்டு வெளியேறுமுன், கட்டி இன்னும் கையில் படுகிறது, படம் அதை விளக்கவில்லை, நான் மறுபடி எந்தத் திகதியில் யாரிடம் வர வேண்டும் என்று கேளுங்கள். திகதி கிளினிக் கொப்பியில் ஏறும்வரை எழும்ப வேண்டாம்.

தோலில் குழிவு, தோடம்பழத் தோல் போன்ற தடிப்பு, முலைக்காம்பு புதிதாக உள்ளிழுத்தல், இரத்தம் கலந்த கசிவு, அக்குளில் கட்டி, மருந்துக்கு அடங்காத சிவப்பு, இவற்றுள் எதைக் கண்டாலும் கொடுத்த திகதிக்குக் காத்திருக்கக் கூடாது.

மீண்டும்: வெள்ளவத்தை வாசகி

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன்; தாமதத்துக்கு மன்னிக்கவும். நாரஹேன்பிட்டிக்குப் போனேன். அங்கே சோதித்த வைத்தியர் இரண்டு நிமிடத்தில் இடத்தைக் கண்டுபிடித்து, கடிதம் தந்து சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கிருந்த நிபுணர் என் அறிக்கைகளைத் திறக்குமுன், "ஒரு விரலால் காட்டுங்கள்" என்றார். பிறகு தானும் தடவிப் பார்த்து, பேனாவால் வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் மட்டும் மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னார். முதல் ஸ்கேனில் யாரும் என்னிடம் இடம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது ஸ்கேனிலும் எதுவும் தெரியவில்லை. ஆனால் தன் கைக்கு அது தனித்த தடிப்பாகவே படுகிறது என்று சொல்லி, கோர் பயொப்சியில் நான்கு துண்டுகள் எடுத்தார். தாதி அம்மா சொன்ன அந்தச் சத்தத்துக்கு நானும் துள்ளினேன். விடை கடந்த செவ்வாய்க்கிழமை வந்தது: நார் இழையம் மிகுந்த தடிப்பு, புற்றுநோய்க் கலங்கள் இல்லை. நிபுணர் அதோடு விட்டுவிடவில்லை. வெறும் இயல்பான மார்பு இழையம் என்று மட்டும் வந்திருந்தால் ஊசி இடம் தவறியதோ என்று சந்தேகித்து மறுபடி எடுத்திருப்பேன் என்றும், இந்த விடை கையில் படும் தடிப்புக்குப் பொருந்துகிறது என்றும் விளக்கினார். மூன்று மாதங்களுக்குப் பின் வரச் சொல்லித் திகதி எழுதியிருக்கிறார். அது போயா தினம் என்று கணவர்தான் கண்டுபிடித்தார். மறுநாளுக்கு மாற்றித் தந்தார்கள்.

கேட்க மறந்த ஒன்று: ஊசி போட்ட இடத்தில் இப்போது புதிதாக ஒரு சிறு முடிச்சு படுகிறது, தோலும் நீலமாக இருக்கிறது. இது வழக்கமானதா?

பதில்: ஓய்வுபெற்ற தாதி

உறைந்த இரத்தமாக இருக்கும், பிள்ளை. நீலம் மஞ்சளாகி மறையும். முடிச்சுக் கரைய சில வாரங்கள் எடுக்கலாம். வீக்கம் கூடினாலோ, சூடும் சிவப்பும் காய்ச்சலும் வந்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள். மூன்று மாதத்தில் சோதிப்பவர் வேறொரு வைத்தியராக இருக்கக்கூடும். ஊசி போட்ட திகதியையும் இடத்தையும் கொப்பியில் காட்டிவிட்டுப் படுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தழும்பைப் புதுக் கட்டி என்று நினைத்து முதலிலிருந்து தொடங்குவார்கள்.